மதுரைன்னா அருவாதானா?

ஆசிரியருக்கு வணக்கம் சார்,

நான் மதுரைக்காரன், சென்னையில வேலை, சேர்ந்த மொத நாளே டீம்ல ஒருத்தர் 'என்ன பாஸ் மதுரையா, பைக்குள்ள அருவா இருக்கா'ன்னு கேட்டு சிரிச்சாரு, நானும் பல்ல காட்டி வச்சேன். உள்ள இருந்தது அம்மா கட்டிக் குடுத்த புளியோதரை.

அப்புறம் நான் வீட்டுக்கு போன் பேசுறத கேட்டதும் கதை மாறிடுச்சு, எங்க வீட்ல பேசுறது சௌராஷ்டிரம், குஜராத் பக்கத்துல இருந்து வந்த நெசவாளர்ங்க பாஷை, உடனே 'அப்ப நீங்க தமிழ் இல்லையா, வடநாட்டு சேட்டா'ன்னு கேள்வி. எங்க ஆளுங்க தறியோட மதுரைக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆச்சு சார், 2005ல புவிசார் குறியீடு வாங்குச்சே சுங்குடி சேலை, அதுக்கு முடிச்சு போட்டே எங்க பாட்டிக்கு விரல் காய்ச்சுப் போச்சு. டி.எம்.சௌந்தரராஜன் கூட எங்க பாஷைக்காரர்தான், அவர யாராச்சும் தமிழ் இல்லன்னு சொல்லிருவாங்களா?

என் தப்பும் இருக்கு. கொஞ்ச நாள் அம்மா போன் வந்தா மாடிப்படிக்கு ஓடிப்போயி தமிழ்லயே பேசுனேன், 'ஏன்டா ஒரு மாதிரி பேசுற, உடம்பு சரியில்லையா'ன்னு கேட்டாங்க. இப்ப சீட்லயே உக்காந்து சௌராஷ்டிரத்துலதான் பேசுறேன்.

உங்க பேப்பர்லயும் சினிமா விமர்சனத்துல மதுரைப் படம்னா 'அருவா மண்'ணுன்னு தலைப்பு போடுறீங்க, அத கொஞ்சம் நிறுத்துங்க சார்.

- ஒரு மதுரை வாசகன், சென்னை