மலையில் அமுங்கும் ஸ்பாஞ்ச் கேக்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘திஸ் மார்னிங்’ போன்ற பிரிட்டிஷ் பகல்நேர நிகழ்ச்சிகளின் கேக் குறிப்புகளை உங்கள் ஞாயிறு இணைப்பில் தமிழில் தருகிறீர்கள். நல்ல பணி. ஆனால் அளவுகளை அப்படியே அச்சிடுவதால் மலையில் மாவும் வெண்ணெயும் வீணாகின்றன. அந்த நிகழ்ச்சி 1988-ல் லிவர்பூல் துறைமுகத்தில் தொடங்கி, 1996-ல் லண்டனுக்கு இடம் மாறியது. இரண்டுமே கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்கள். உதகை இருப்பதோ 2,240 மீட்டரில். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தமும் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்குதான்.

அதனால் பேக்கிங் பவுடரில் கிளம்பும் வாயு மட்டுமீறி விரிகிறது. மாவு வெந்து இறுகுவதற்குள் கேக் உச்சிக்கு எழும்பி, நடுவில் குழி விழுந்து, அடியில் களிபோல் தங்கிவிடுகிறது. ‘ஓவனைத் திறந்ததால்தான் அமுங்கியது’ என்று வீட்டில் பழி போடுவார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல.

இரண்டு அடுக்குக்கு நடுவே ஜாமும் கிரீமும் பூசும் விக்டோரியா ஸ்பாஞ்ச் கேக்குக்கு நாலு முட்டை என்பார்கள். அங்கே ‘லார்ஜ்’ முட்டை ஓட்டோடு 63 முதல் 73 கிராம். நம் கடை முட்டை 50 கிராம் சொச்சம். எண்ணிப் போட்டால் மாவு கெட்டிப்படும், எடை போடுங்கள். ஓட்டோடு நாலு முட்டை 210 கிராம் என்றால் மைதா 210, வெண்ணெய் 210. சர்க்கரையை மட்டும் 180-க்குக் குறையுங்கள். கூடினால் கேக் இறுகத் தாமதமாகும். பேக்கிங் பவுடர் கலந்தே வரும் செல்ஃப் ரைசிங் மாவுக்குப் பதில் சாதா மைதாவில் ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர். தனியாக இன்னும் ஒரு ஸ்பூன் போடச் சொல்லியிருந்தாலும் போடாதீர்கள். இங்கே ஈரம் சீக்கிரம் ஆவியாகும் என்பதால் பால் இரண்டு டேபிள்ஸ்பூன் கூடுதலாக வேண்டும். 180 டிகிரி என்றிருந்தால் 190 வைத்து, சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே குச்சி விட்டுப் பாருங்கள். டின்னில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம்.

வெண்ணெயிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘ரூம் டெம்பரேச்சர்’ என்று அவர்கள் சொல்வது 20 டிகிரி அளவு. மார்கழியில் உதகைச் சமையல் மேடையில் ராத்திரி வைத்த வெண்ணெய் காலையில் செங்கல் மாதிரி இருக்கும். கிண்ணத்தோடு வெதுவெதுப்பான நீரில் வைத்து, விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில் எடுங்கள். உருகிவிட்டால் காற்றைப் பிடிக்காது. முட்டையையும் அதே நீரில் ஐந்து நிமிடம் போடுங்கள்; சில்லென்று ஊற்றினால் கலவை திரிந்துபோகும்.

நடுவில் பூசும் ‘டபுள் கிரீமில்’ கொழுப்பு 48 சதவீதம். நம் பாக்கெட் ஃப்ரெஷ் கிரீமில் 25 சதவீதம் அளவுதான், எவ்வளவு அடித்தாலும் நிற்காது. ஜாம் மட்டும் பூசுங்கள், போதும்.

இனி இத்தகைய குறிப்புகளின் கீழ் மலையில் இருப்போருக்கென இரண்டு வரி சேர்க்க வேண்டுகிறேன். மேலே சொன்ன அளவு கொடைக்கானலுக்கும் பொருந்தும். 1,800 மீட்டரை ஒட்டிய குன்னூர், கோத்தகிரியில் பேக்கிங் பவுடர் ஒன்றே முக்கால் டீஸ்பூன் வரை போகலாம்.

இப்படிக்கு,
வாசகர், உதகமண்டலம்