பத்து வரை ஒப்பித்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் 4 கோடிக்கும் அதிகம். இங்கே டெக்சாஸில் கடைக்குப் போனாலும் பூங்காவுக்குப் போனாலும் அந்த மொழி காதில் விழும். தமிழ்ப் பெற்றோர் மூன்று, நான்கு வயதிலேயே பிள்ளைகளை ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் சேர்த்த மறுவாரமே, “பத்து வரை சொல்கிறானா, நிறமெல்லாம் தெரிகிறதா?” என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்வதற்காகவே பாடம் நடத்தும்போது வகுப்பு கெட்டுப்போகிறது.

நிறங்களையே எடுத்துக்கொள்வோம். அட்டையைக் காட்டிச் சிவப்புக்கு ‘ரோஹோ’ என்று தனியாகப் பழக்கினால், ஆப்பிளைப் பார்த்ததும் குழந்தை ‘லா மன்சானா ரோஹோ’ என்கிறது. ஸ்பானிஷில் பொருள்களுக்கும் பால் உண்டு, ஆப்பிள் பெண்பால். ‘ரோஹா’ என்று வர வேண்டும். நாக்கில் ஊறிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. எனவே ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் மாறாத ‘அசுல்’, ‘பெர்தே’, அதாவது நீலமும் பச்சையும், முதலில் வரட்டும். சிவப்பைப் பொருளோடு சேர்த்தே சொல்லுங்கள்: ‘எல் கார்ரோ ரோஹோ’ (சிவப்புக் கார்), ‘லா மன்சானா ரோஹா’ (சிவப்பு ஆப்பிள்). எந்தப் பொருளின் பெயரையும், ஆண்பாலுக்கு முன்னால் வரும் ‘எல்’, பெண்பாலுக்கு முன்னால் வரும் ‘லா’ இல்லாமல் பழக்கவே கூடாது.

எண்ணிலும் இதே கதை. பத்து வரை மடமடவென்று ஒப்பிக்கும் பிள்ளையிடம் ‘தாமே த்ரெஸ்’, மூன்று கொடு, என்று கேட்டுப் பாருங்கள். கைநிறைய அள்ளித் தரும். இரண்டு, மூன்று ஆகியவற்றோடு தொடங்கி, மரக்கட்டைகளைக் கொடுத்து வாங்கச் செய்யலாம். கட்டை பெரிதாக இருக்கட்டும். பொத்தானும் புளியங்கொட்டையும் வாய்க்குள் போய்விடும். ஒன்று, அதாவது ‘ஊனோ’, பிறகு வரட்டும். பொருளுக்கு முன்னால் அது ‘ஊன்’ என்றோ ‘ஊனா’ என்றோ மாறிவிடும்.

ஒரே நாளில் ஒரு மணி நேரத்தைவிட, வாரம் நான்கு நாள், பதினைந்து நிமிடம் பலன் தரும். ஏவல் சொற்களில் தொடங்குவது நல்லது: ‘சல்தா’ என்றால் குதி, ‘பாரா’ என்றால் நில். முதல் இரண்டு நாள் ஆசிரியை சொல்லிக்கொண்டே தானும் குதிக்க வேண்டும். அடுத்து, சொல்லிவிட்டு ஒரு கணம் பொறுத்துக் குதிக்க வேண்டும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சொல்ல மட்டும் செய்யலாம். அப்போதும் பிள்ளை குதித்தால் சொல் உள்ளே போய்விட்டது. வரிசையைக் கலைத்துச் சொல்லாவிட்டால் வரிசைதான் மனப்பாடமாகும். ஒரு குழந்தையை உட்காரச் சொல்ல ‘சியெந்ததே’, எல்லாரையும் உட்காரச் சொல்ல ‘சியெந்தென்செ’. இதை ஆசிரியர்களே குழப்புவதுண்டு. வாரத்துக்கு ஐந்தாறு புதுச் சொற்கள் தாராளம்.

சில பிள்ளைகள் மாதக்கணக்கில் வாயே திறக்காது. கேட்டுக்கொண்டுதான் இருக்கும். “சொல்லு, சொல்லு” என்று நெருக்கினால் வகுப்பே வேண்டாம் என்று அழும்.

உச்சரிப்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நல்ல அடித்தளம் உண்டு. ஸ்பானிஷின் தகரமும் பகரமும் நம்முடையவைபோல் மூச்சு கலவாதவை, ஞகரமும் இருக்கிறது. ‘மே குஸ்தா லா லெச்சே’ என்பதும் ‘எனக்குப் பால் பிடிக்கும்’ என்பதும் ஒரே அமைப்புதான். ஆகவே ஸ்பானிஷுக்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். நாக்கு அதிரும் ரகரத்துக்காகப் பிள்ளையைப் படுத்த வேண்டாம். ஸ்பானிஷ் வீட்டில் பிறந்த குழந்தைகளுக்கே அது ஐந்து வயதை ஒட்டித்தான் கைகூடுகிறது.

காணொளி காட்டுவோர் அது எந்த நாட்டு ஸ்பானிஷ் என்று பாருங்கள். மெக்சிகோவில் காருக்குக் ‘கார்ரோ’, ‘கோச்சே’ இரண்டும் உண்டு, பழச்சாறு ‘ஹூகோ’. ஸ்பெயினில் ‘கோச்சே’, ‘சூமோ’. டெக்சாஸில் வளரும் பிள்ளைக்கு மெக்சிகோ வழக்கே ஏற்றது.

நான்கு வயதுக்குத் ‘தேர்ச்சிச் சான்றிதழ்’ தருவதாகச் சொல்லித் தனிக்கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஸ்பெயின் அரசின் செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்தும் ஸ்பானிஷ் மொழித் தேர்வான டெலேயில் பள்ளி மாணவர்களுக்கான பிரிவே 11 முதல் 17 வயதினருக்கானது. மேடை நிகழ்ச்சிக்கும் சான்றிதழுக்கும் பதிலாக, மாதம் ஒருமுறை பத்து நிமிடம் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.

மழலையர் பள்ளி ஆசிரியைகள்,
ஹூஸ்டன், டெக்சாஸ்.