கடற்படைத் தளபதிகளின் கடிதங்களை வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போர்க்காலக் கடற்படைத் தளபதிகள் கையெழுத்திட்ட கடிதங்களைச் சேகரிக்கும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறோம். பலர் கையெழுத்தின் வளைவுகளை மட்டும் ஒப்பிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தேதி.

பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டன் ‘மவுண்ட்பேட்டன் ஆஃப் பர்மா’ என்ற பட்டத்தோடு பிரபுவானது 1946-இல். அந்தப் பட்டத்தோடு கையெழுத்திட்ட கடிதத்தின் தலைப்பில் ‘கண்டி, 1944’ என்றிருந்தால் தொடவே வேண்டாம். பிரிட்டிஷ் அட்மிரல் டாம் பிலிப்ஸின் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ போர்க்கப்பல் சிங்கப்பூருக்கு வந்தது 1941 டிசம்பர் 2. மலாயாவின் குவாந்தானை அடுத்த கடலில் அது மூழ்கி அவர் இறந்தது அதே மாதம் 10. சிங்கப்பூரிலிருந்து அவர் எழுதியிருக்கக்கூடிய நாள்கள் இரண்டு வாரம்கூட இல்லை. உடன் மூழ்கிய ‘ரிபல்ஸ்’ கப்பலின் கேப்டன் டென்னன்ட் பிழைத்து 1963 வரை வாழ்ந்தார். இருவர் கடிதத்துக்கும் ஒரே விலை சொல்பவருக்கு விஷயம் தெரியாது. ஜெர்மனியின் கடற்படைத் தளபதி டோனிட்ஸ் 1956 அக்டோபர் 1 வரை ஸ்பான்டாவ் சிறையில் இருந்தார். விடுதலைக்குப் பின் கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்திட்டு அனுப்பினார். அவை அரிய பொருள் அல்ல, பெரிய விலை கொடுக்காதீர்கள்.

அடுத்தது மையும் தாளும். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பாருங்கள். ஊற்றுப் பேனா மை தாளின் இழைக்குள் ஊறிப் பரவியிருக்கும். பால்பாயின்ட் பள்ளம் பதித்து, வளைவுகளில் மைக்கட்டி விட்டுப்போகும். அது அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததே 1945 அக்டோபரில்தான். 1942 கடிதத்தில் அந்தக் கோடு தெரிந்தால் நம்பாதீர்கள். ரப்பர் முத்திரையில் மை ஓரங்களில் ஒதுங்கி நிற்கும், அச்சுப் படியில் புள்ளிகள் தெரியும். பிறகு இருட்டறையில் புற ஊதா டார்ச் அடியுங்கள். தாளை வெண்மையாக்கும், அந்த ஒளியில் மின்னும் ரசாயனம் பரவலானது 1950-ஐ ஒட்டித்தான். போர்க்காலத் தாள் நீலவெண்மையாய் ஒளிர்ந்தால் போலி. ஆனால் ஒளிராததாலேயே அசலாகிவிடாது. பழைய புத்தகங்களின் வெற்றுத் தாளைக் கிழித்து எழுதும் மோசடிக்காரர்கள் உண்டு.

வாங்கிய பிறகுதான் நம் ஊரில் உண்மையான ஆபத்து. செம்பனைத் தோட்டம் சூழ்ந்த, மாலைதோறும் மழை பெய்யும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சாதாரணமாகத் தாண்டும். அதில் தாளில் பழுப்புப் புள்ளி விழும், பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சி அரிக்கும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் வைத்திருங்கள். காற்றுப் புகாத பெட்டியில் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போடுங்கள், நிறம் மாறியதும் காயவைத்து மறுபடி போடுங்கள். கடிதம் காயாமல் பெட்டியை மூடினால் ஈரமும் உள்ளேயே அடைபடும், பூஞ்சைதான் மிஞ்சும். பூஞ்சை கண்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கறை இன்னும் பரவும். நன்றாகக் காயவிட்டு, முகக்கவசம் அணிந்து, மென்தூரிகையால் தட்டிவிடுங்கள்.

தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் தாளில் ஒட்டியபின் பிரிக்க வழியில்லை. செல்லோடேப்பும் வேண்டாம், அதன் பசை மஞ்சளாகி மையைக் கரைக்கும். பிவிசி பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துக் கையெழுத்தையே உரித்தெடுக்கும், பாலியஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். தபால் முத்திரை உள்ள உறையைத் தூக்கி எறியாதீர்கள். தேதிக்குச் சாட்சி அதுதான். யாரிடம், எப்போது, எவ்வளவு கொடுத்து வாங்கினீர்கள் என்பதை 2பி பென்சிலால் வேறொரு தாளில் எழுதி ரசீதோடு சேர்த்து வையுங்கள்.

பழங்கடிதச் சேகரிப்பாளர்கள் இருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.