பட்லர் பே கடற்கரைக்கு விளக்கு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அந்தமான் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். லிட்டில் அந்தமானின் பட்லர் பே கடற்கரையைக் கட்டுரையாளர் அழகாகவே எழுதியிருந்தார். ஆனால் முடிக்கும்போது, இரவில் ஒரு விளக்குகூட இல்லை, நான்கு ரிசார்ட் வந்தால் இந்த இடம் எங்கேயோ போய்விடும் என்று ஆதங்கப்பட்டிருந்தார். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன ஏப்ரலில் நானும் என் மகனும் அங்கே நான்கு நாள் இருந்தோம். சென்னையை அடுத்த கோவளத்து மீனவ இளைஞர்களிடம் அலைச்சறுக்கு கற்றவன் அவன். அந்தத் தீவின் அலைகளைப் பார்த்துவிட வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். (நம் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது.) அங்கிருந்து லிட்டில் அந்தமானின் துறைமுகமான ஹட் பே போக, கப்பலில் கிட்டத்தட்ட ஒரு பகல். பிறகு ஜெட்டியிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர்.

காடு மணல் வரைக்கும் வந்து நிற்கிறது. கர்ஜன், படாக் என்று அண்ணாந்து பார்க்க வேண்டிய மரங்கள் உள்ளே. கரையோரம் நம் ஊர்ப் புன்னையும் தாழையும். கடல் ஏறி வரும் நேரத்தில் மரங்களின் நிழல் தண்ணீரிலேயே விழுகிறது. முதல் நாள் காலை அந்த நீளக் கரையில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. அலைச் சத்தம் சற்று ஓயும்போது, பின்னாலிருந்து காட்டுப் பூச்சிகளின் சத்தம் எழும். திருவான்மியூர் கடற்கரையில் வளர்ந்தவள் நான். கடலை இவ்வளவு அமைதியாகக் கேட்டது எனக்கு அதுதான் முதல் முறை.

மகன் பலகையை எடுத்துக்கொண்டு உடனே ஓடவில்லை. அரை மணி நேரம் மணலில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தான். நான்கைந்து பெரிய அலைகள் சேர்ந்து வரும், அப்புறம் கொஞ்சம் ஓயும். எங்கே அலை உடைகிறது, எங்கே உடையாமல் தண்ணீர் கலங்கலாகச் சும்மா கிடக்கிறது என்று எனக்கும் காட்டினான். பார்க்கச் சாதுவாகத் தெரியும் அந்த இடத்தில்தான் கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் கடலுக்குத் திரும்புகிறது, ஆளையும் இழுத்துக்கொண்டு. சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். கோவளத்தில் அவன் கற்ற முதல் பாடம் இது. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் விடுமுறை நாட்களில் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முதலையைப் பற்றியும் இல்லை. உவர்நீர் முதலை கடலிலும் நீந்தும். "ஓடை கடல்ல சேர்ற இடத்துல கால் வைக்காதீங்க அக்கா, சாயங்காலம் தண்ணிப் பக்கமே போகாதீங்க" என்று ஜீப் ஓட்டி வந்த தம்பி கண்டிப்பாகச் சொன்னார். ராமநாதபுரத்திலிருந்து போய்க் குடியேறிய குடும்பம் அவருடையது. அவர் பேச்சைக் கேட்டுத்தான் நான்கு நாளும் நடந்துகொண்டோம்.

மூன்றாம் நாள் நடந்ததை எழுதவே கூசுகிறது. பயண ஏற்பாடு செய்யும் ஒருவர் வந்து, தனியாகப் பணம் கொடுத்தால் ஓங்கே மக்களைப் 'பார்க்க' அழைத்துப் போகிறேன் என்றார். நூற்றுச் சொச்சம் பேரே மிஞ்சியிருக்கும் பழங்குடி அவர்கள். தீவில் பாதிக்கு மேல் அவர்களுக்கான காப்பகம். வெளியார் உள்ளே போவதை 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் தடுக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும், மனிதர்களை வேடிக்கை பார்க்க டிக்கெட்டா? என் மகன் கோபத்தில் எழுந்து போய்விட்டான். ரிசார்ட்டுகள் வந்தால் இப்படிக் கேட்பவர்கள் எத்தனை பேர் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். 1988 முதல் சென்னையில் மாணவர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறார்கள். கல்லூரி நாட்களில் நானும் நடந்திருக்கிறேன். முட்டையை ஏன் இடம் மாற்ற வேண்டும்? பொரித்து வரும் குஞ்சு வெளிச்சம் இருக்கும் திசையில் போகும். இயற்கையில் அது கடலின் பக்கம். நம் கரையில் அது தெருவிளக்கின் பக்கம். லிட்டில் அந்தமானின் தெற்கு, மேற்குக் கரைகளில் முட்டையிட வருவது, முதுகில் ஏழு வரி ஓடும் பெரிய தோல்முதுகு ஆமை. அந்த இருட்டு அதற்குத் தேவை.

2021-ல் மத்திய அரசின் நிதி ஆயோக்கின் தொலைநோக்கு ஆவணம் ஒன்று செய்திகளில் அடிபட்டது. அந்தத் தீவில் சுமார் 240 சதுர கிலோமீட்டரைக் காப்புக்காட்டிலிருந்தும் பழங்குடியினர் காப்பகத்திலிருந்தும் விடுவித்து நகரம், விமான நிலையம், ரிசார்ட் எல்லாம் கட்டலாம் என்றது அது. வனத்துறையிலிருந்தே எதிர்ப்பு எழுந்தது. பயணக் கட்டுரைகளும் அதே ஆசையை வாசகர் மனதில் விதைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஓட்டல் இல்லை என்பது எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மணல் ஈ கடித்த தழும்பு ஆற இரண்டு வாரம் ஆயிற்று. சரி, அதனால் என்ன? அந்தக் காட்டோரம் நான்கு நாள் இருக்க அவ்வளவு கூடக் கொடுக்கக் கூடாதா?

நீரோட்டம், முதலை, 1956-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றையும் அடுத்த இதழில் ஒரு கட்டம் போட்டாவது வெளியிடுங்கள். கோடை விடுமுறைக்கு டிக்கெட் எடுத்தவர்கள் கிளம்புவதற்கு முன் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
திருவான்மியூர், சென்னை.