தம்பிக்கு: அவர் உனக்கு யார் என்று கேட்டாயே

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை நான்கைந்து முறை படித்துவிட்டேன். உன்னோடு வேலை பார்ப்பவரை மதத்தைச் சொல்லி ஒதுக்குகிறார்கள், பக்கத்தில் உட்காரக்கூட யாரும் வருவதில்லை, பார்க்க மனசு கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்புறம், "நான் ஒருத்தன் பேசி என்ன ஆகப் போகிறது அக்கா? அவர் எனக்கு உறவா, நட்பா?" என்றும் கேட்டிருக்கிறாய். இரவெல்லாம் அந்தக் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

1943 பிப்ரவரி கடைசியில், ஜெர்மனியின் பெர்லினில் மிச்சமிருந்த யூதர்களை ஹிட்லரின் நாஜிகள் வேலை பார்த்த இடத்திலேயே வளைத்துப் பிடித்தார்கள். யூதரல்லாத பெண்களை மணந்திருந்தவர்களில் பலரை ரோசன்ஸ்ட்ராசே என்ற தெருவில் ஒரு கட்டடத்தில் தனியாக அடைத்தார்கள். செய்தி தெரிந்ததும் மனைவிமார் தெருவுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் கணவர்களை விடுங்கள் என்று ஒரு வாரம் போல, துப்பாக்கிகளுக்கு எதிரே நின்றார்கள். உள்ளே இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் வீடு திரும்பினார்கள். அந்தப் பெண்கள் நின்றதால்தான் விட்டார்களா என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சரி, அது இருக்கட்டும். என்னை உறுத்துவது வேறு. அதே வேட்டையில் சிக்கிய மற்ற ஆயிரக்கணக்கானோருக்காக வாசலில் வந்து நிற்க யாரும் இல்லை. அவர்களை ரயிலில் ஏற்றி ஆஷ்விட்ஸ் என்ற கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். உறவுக்காரர் மட்டும்தான் பேச வேண்டும் என்றால், பேச ஆளில்லாதவர் கதி அதுதான் தம்பி.

அதே ஆண்டு அக்டோபரில், நாஜிகள் பிடித்து வைத்திருந்த டென்மார்க்கில் யூதர் வேட்டை தொடங்கியபோது, பிஷப்புகளின் கண்டனக் கடிதம் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது. முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து 7,000 பேருக்கு மேல் படகுகளில் சுவீடன் கொண்டு சேர்த்தார்கள். ஆனாலும் சுமார் 470 பேர் பிடிபட்டு தெரேசியன்ஷ்டாட் என்ற நாஜி முகாமுக்குப் போனார்கள். டென்மார்க் அதிகாரிகள் விடவில்லை. அவர்கள் எப்படி இருக்கிறார்கள், நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த முகாமிலிருந்து பல்லாயிரம் பேர் கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டார்கள். விசாரிக்க ஆள் இருந்த இவர்களை அனுப்பவில்லை. ஐம்பது பேர் போல அங்கேயே இறந்துபோனார்கள். மற்றவர்கள் 1945-இல் திரும்பி வந்தார்கள்.

உன்னை மேடை ஏறச் சொல்லவில்லை. நாளைக்கு அவர் பக்கத்தில் போய் உட்கார். என்ன செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும் என்று முதலில் அவரிடமே கேள். நாம் பேசப் போய் அவருக்குத் தொல்லை கூடிவிடக் கூடாது. அவர் சரி என்றால், இவரை ஏன் ஒதுக்குகிறீர்கள் என்று எல்லோர் முன்னாலும் கேள். உனக்கும் சங்கடம் வரும், வேலைக்கேகூட ஆபத்து வரலாம். பயமாக இருந்தால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு.

அவர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
அக்கா