அந்தத் தலைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய ஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் எங்கள் முதுகலை மாணவியின் ஆய்வுத் தலைப்பைப் போன வாரம் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். 'நம் பகுதிக்குத் தொடர்பில்லாதது, வேறு தலைப்பு தரவும்' என்று ஒரே வரி. அந்தத் தலைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அவள் எடுத்தது அலெக்சிஸ் ரைட்டின் 'கார்ப்பென்டேரியா', 2006இல் வந்த நாவல். ரைட் ஆஸ்திரேலியாவின் வான்யி பழங்குடியைச் சேர்ந்தவர். கதையில் வெள்ளையர்கள் ஊருக்குள் இருக்கிறார்கள். பழங்குடிகள் ஊர் ஓரத்தில், குப்பைமேட்டை ஒட்டி. அவர்கள் மண்ணிலேயே பெரிய சுரங்கம் வருகிறது. முதல் அத்தியாயம் முடித்ததும், "மேடம், இது எங்க காலனி" என்றாள்.

அவளுடைய அப்பா 18 வருஷம் கிரானைட் குவாரியில் துளை போட்டவர். இருமல் வந்தபோது டிபி என்று 6 மாதம் மாத்திரை கொடுத்தார்கள். நிற்கவில்லை. மறுபடியும் 6 மாதம். அப்புறம் வேறொரு டாக்டர்தான் "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். கல்தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ். அதைக் குணமாக்க மருந்து கிடையாது. இப்போது அவரால் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியும்வரை இருமுகிறார். அந்த இருமலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் 500 பக்கத்துக்கு மேல் உள்ள அந்த நாவலை அவள் படித்தாள். இதற்கும் நம் பகுதிக்கும் தொடர்பில்லை என்று எப்படி எழுத முடிந்தது?

கிருஷ்ணகிரியில் வெட்டும் ஒரு கிரானைட்டுக்குப் 'பாரடைசோ' என்று பெயர். இத்தாலிய மொழியில் சொர்க்கம். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அப்பாவின் மூச்சுதான் ஞாபகம் வருகிறது.

அமெரிக்காவின் வாரன் கவுண்டியில் கறுப்பின மக்கள் வாழும் இடத்தில் நச்சு மண்ணைக் கொட்ட வந்தபோது, 1982இல் பெரிய போராட்டம் நடந்தது. நச்சையும் குப்பையையும் ஒடுக்கப்பட்ட இனத்தார் வாழும் இடத்திலேயே தள்ளுவதைச் சொல்லும் 'சுற்றுச்சூழல் இனவாதம்' என்ற பேச்சு அதிலிருந்துதான் பரவியது. அங்கே நிறம் செய்ததை இங்கே சாதி செய்கிறது. அதைத்தான் இந்தப் பெண் எழுத வருகிறாள். ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் பாடிய ஏரிகளை ஆய்வுக்கு எடுத்தால் யாரும் தொடர்பு கேட்பதில்லை. அதையும் நான் ஆசையாகத்தான் நடத்துகிறேன். ஆனால் குவாரி என்றதும் மட்டும் ஏன் இந்தக் கேள்வி வருகிறது?

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு தருவதற்கு இந்த மாதம் 28ஆம் தேதி கடைசி. அதற்குள் அந்தத் தலைப்பை அப்படியே ஏற்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். நேரில் கேட்க விரும்பினால் அவளையும் கூட்டி வருகிறேன். காலையில் அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள், 11 மணிக்கு மேல் நேரம் கொடுங்கள்.

பணிவுடன்,
ஆங்கிலத் துறைக் கௌரவ விரிவுரையாளர்