பானைகளின் பிளக்கைப் பிடுங்காதீர்கள்: அரங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அரங்க நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

செவ்வாய்க்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். பதிவேட்டிலும் எழுதிவிட்டுத்தான் வந்தேன். அதனால் நேராகவே கேட்கிறேன்: காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை, உங்கள் அரங்கக் கண்காட்சியில் வைத்திருக்கும் என் பானைகளின் ஒலியை அணைக்காதீர்கள்.

வில்லியனூரில் வனைந்து சுட்ட ஒன்பது பானைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன ஸ்பீக்கர். புதுச்சேரிக் கடற்கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்களின் இடுக்கில் மைக்கை இறக்கிப் பதிவு செய்த கடல் சத்தம் அவற்றில் ஓடும். பானையின் வயிறும் வாயும் மாற மாற, ஒரே அலை ஒன்றில் உறுமும், இன்னொன்றில் முனகும். பின்சுவரில், மணல் இல்லாமல் தெருவில் உட்கார்ந்து வலை சீர்செய்கிறவர்களின் வீடியோ. 1980களில் கட்டிய துறைமுகத் தடுப்புச் சுவர் தெற்கிலிருந்து வரும் மணலை மறித்ததும், கரை போய்க் கல் வந்ததும் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சத்தம் இல்லையென்றால் அவை வெறும் பானைகள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வைத்திக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். எந்த இடுக்கில் கடல் அதிகம் கத்தும் என்று எனக்குக் காட்டியவர். மீன் விற்ற கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து, குனிந்து பானையில் காதை வைத்தார். அடுத்ததற்குப் போனார். மூன்றாவதில் நிமிர்ந்து, "ஒண்ணும் கேக்கலியே தம்பி, எனக்குத்தான் காது போயிடுச்சா?" என்றார். போய்ப் பார்த்தால் பிளக் பிடுங்கிக் கிடக்கிறது, அந்த இடத்தில் யாருடைய செல்போனோ சார்ஜ் ஏறுகிறது. ஐந்தாவது பானைக்குள் இரண்டு டீக் கப். கரண்ட் போய்விட்டது என்று அவரிடம் பொய் சொன்னேன்.

உங்கள் ஊழியர்களிடம் கேட்டதற்கு, பக்கத்து அறையில் கூட்டம், இரைச்சலாக இருக்கிறது என்றார்கள். சரி. பிரமுகர் வந்த அன்று வாசலில் அலறிய ஸ்பீக்கர் பீச் வரை கேட்டதே, அது இரைச்சலில் சேராதா? உங்கள் படிவத்தில் எண்ணெய் ஓவியம், நீர்வண்ணம், சிற்பம் என்று மூன்றே கட்டம். சிற்பத்தில் டிக் போடச் சொன்னதும் உங்கள் அலுவலகம்தான், "சிற்பத்துக்கு எதுக்குங்க கரண்ட்?" என்று இப்போது கேட்பதும் அதே அலுவலகம்தான். வீடியோ கலைக்கு முன்னோடியான கொரியக் கலைஞர் நாம் ஜூன் பைக், ஜெர்மனியில் டிவிப் பெட்டிகளைக் கலைப்படைப்பாக வைத்தது 1963இல். நமக்கோ ஒயிட் டவுன் மஞ்சள் சுவர் முன்னால் நின்று படம் எடுத்தால் கலை முடிந்தது. மன்னிக்கவும், பேச்சு எங்கோ போகிறது.

ஞாயிறு வரை கண்காட்சி இருக்கிறது. பானைகளுக்கென்று ஒரு பிளக் பாயின்ட் விடுங்கள். "கழற்ற வேண்டாம்" என்ற சீட்டை நானே எழுதி ஒட்டிவிடுகிறேன். தொந்தரவென்றால் ஒலியைக் குறைக்கவும் தயார், காதை வைத்தால் கேட்கும் அளவு போதும். அணைக்க மட்டும் வேண்டாம், தயவுசெய்து. அந்த அம்மா சனிக்கிழமை பேத்தியை அழைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

பணிவுடன்,
உங்கள் ஊழியர்கள் 'பானைக்காரர்' என்று கூப்பிடும் ஆள்